மிஸ்ஸிடம் கேளுங்கள்: பிள்ளையின் மூளைக்குள் இரத்தக் குழாய் எப்படி வருகிறது?

போன இதழில், குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு ஏன் தலையில் ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். மூளையின் இரத்தக் குழாய்கள் முற்றாமல் இருப்பதால் கசிவு உண்டா என்று பார்க்கத்தான் அந்த ஸ்கேன் என்பது அதன் சாரம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். வேலைக்காலத்தின் பெரும்பகுதி அரச ஆஸ்பத்திரிகளில், குறைமாதப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் பிபியூவில் தாதியாகப் போனது. இப்போது ஓய்வுபெற்று ஹட்டனில் இருக்கிறேன். கடிதம் எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களின் பெயர்களைப் போடவில்லை.

வணக்கம் மிஸ். எனக்கு 29 வாரத்தில் மகன் பிறந்தான். தலையில் ஸ்கேன் பண்ணி, 'கிரேட் வன்' இரத்தக் கசிவு என்றார்கள். டொக்டர், "இரத்தக் குழாய் இன்னும் முற்றவில்லை, அதனால்தான்" என்றார். ஐந்தாம் மாதத்தில் நான் கொழுந்துக் கூடையோடு மலையில் சறுக்கி விழுந்தேன். அன்று வலியோ இரத்தப்போக்கோ வரவில்லை, அடுத்த கிழமை வேலைக்கும் போனேன். ஆனால் மாமியார், "நீ விழுந்ததுதான் பிள்ளையின் தலைக்குள் இரத்தம் கட்டக் காரணம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். பிள்ளை இப்போது நன்றாகப் பால் குடிக்கிறான். பிழை என் மேல்தானா?
– கொழுந்து பறிக்கும் ஒரு தாய், பொகவந்தலாவை

மகள், பிழை உங்கள் மேல் இல்லை. நீங்கள் விழுந்ததற்கும் பிள்ளையின் தலையில் கசிந்ததற்கும் தொடர்பு இல்லை. இதை உங்கள் மாமியாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவரும் பிள்ளைமேல் உள்ள பயத்தில்தான் பேசுகிறார் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சை ஒரு பச்சை உடம்புக்காரி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

டொக்டர் சொன்ன "முற்றவில்லை" என்பதை விளங்கிக்கொள்ள, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முளையத்தின் முதுகுப் பக்கம் ஒரு தகடு சுருண்டு குழாயாக மூடிக்கொள்கிறது. அதுதான் நரம்புக் குழாய். மூளையும் முண்ணாணும் அதிலிருந்தே உண்டாகின்றன. கருத்தரித்து ஏறத்தாழ 28 நாளில் அது மூடி முடிந்துவிடும். இதயம் அதற்கும் முந்தியே, 22 நாளளவில் துடிக்கத் தொடங்கியிருக்கும். ஆனால் மூளையாகப் போகிற அந்தக் குழாயின் சுவருக்குள் அப்போது ஓர் இரத்தக் குழாய்கூட இல்லை. சுவர் அவ்வளவு மெல்லியது. ஒட்சிசனும் உணவும் வெளியிலிருந்து ஊறி வந்தாலே அதற்குப் போதும்.

கலங்கள் பெருகப் பெருகச் சுவர் தடிக்கிறது. ஒட்சிசன் இழையத்துக்குள் ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஊறிப் போவது கஷ்டம். உள்ளே இருக்கிற கலங்களுக்கு மூச்சு முட்டுகிறது. இதற்கிடையில் நரம்புக் குழாயைச் சுற்றி வெளிப்புறத்தில் மெல்லிய இரத்தக் குழாய்களால் ஒரு வலை உண்டாகியிருக்கும். மூளைக்குள் இருக்கிற இரத்தக் குழாய் எல்லாம் இந்த வெளி வலையிலிருந்து உள்ளே கிளைவிட்டுப் போனதுதான். மூளை தன் இரத்தக் குழாயைத் தானே உண்டாக்குவதில்லை, வெளியிலிருந்து வரவழைத்துக்கொள்கிறது. பின்மூளையில் இது முந்தி நடக்கிறது. நாம் யோசிக்கவும் பேசவும் பயன்படுத்துகிற முன்மூளைக்குள் ஏறத்தாழ எட்டாம் வாரத்தை ஒட்டிக் கிளைகள் நுழைகின்றன. நுழைந்த கிளை நேரே நடுப்பக்கம் போகும். மூளையின் நடுவில் நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அந்த அறைகளின் ஓரத்தில்தான் புதுக் கலங்கள் பிறக்கின்றன, அங்கேதான் பசி அதிகம். அங்கே போய்ச் சேர்ந்ததும் கிளைகள் பக்கவாட்டில் பரவி ஒன்றோடொன்று இணைகின்றன.

உங்கள் மகனுக்குக் கசிந்தது அந்த அறைகளின் ஓரத்தில்தான். ஜெர்மினல் மெட்ரிக்ஸ் என்று டொக்டர்மார் சொல்வார்கள். மூளையின் கலங்கள் அங்கே கூட்டம் கூட்டமாகப் பிறந்து, தங்கள் தங்கள் இடத்துக்கு நகர்ந்து போகின்றன. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இரத்தக் குழாய்களும் அவசர அவசரமாக உண்டாகின்றன. வாய் அகலம், சுவர் மெல்லிசு. சாதாரணமாக நுண்ணிய இரத்தக் குழாயை வெளியிலிருந்து கட்டிப் பிடித்திருக்கும் பெரிசைட் என்கிற கலங்கள் அங்கே குறைவு. நம் ஆட்களுக்குச் சொன்னால் விளங்கும்: புதுக்கன்று நட்ட மலையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டிய கையோடு அடைமழை பிடித்தால் கரை நிற்குமா? கொஞ்ச நாள் போய், கரையில் புல் பிடித்த பிறகு அதே மழையைக் கான் தாங்கும்.

பிள்ளை வயிற்றுக்குள் இருக்கும்வரை இந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் ஆபத்து இல்லை. அங்கே இரத்த அழுத்தம் ஒரே சீராக இருக்கிறது. 34 வாரமாகும்போது இந்தப் பகுதி பெருமளவு சுருங்கிவிடும். அதற்கு முன், முக்கியமாக 32 வாரத்துக்கு முன் பிள்ளை வெளியே வந்துவிட்டால்தான் சங்கடம். திடீரென்று மூச்சுவிட வேண்டும், இரத்த அழுத்தம் ஏறி இறங்கும். வளர்ந்த மூளை அந்த ஏற்ற இறக்கத்தைத் தன் குழாய்களைச் சுருக்கி விரித்துச் சமாளித்துக்கொள்ளும். 29 வாரத்துப் பிள்ளைக்கு அந்தத் திறன் அரைகுறை. பெரும்பாலான கசிவுகள் பிறந்த முதல் 72 மணித்தியாலத்துக்குள் வருவது அதனால்தான்.

நீங்கள் பிபியூ கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பீர்கள். முதல் மூன்று நாளும் பிள்ளையின் தலையை ஒரு பக்கமும் சாயவிடாமல் நேராக வைத்திருப்போம். தலை திரும்பினால் கழுத்து நாளம் நெரிபட்டு, மூளையிலிருந்து இரத்தம் இறங்குவது தடைப்படும். நெப்கின் மாற்றும்போது இரண்டு காலையும் பிடித்து மேலே தூக்க மாட்டோம். தூக்கினால் காலின் இரத்தம் ஒரேயடியாக மேலே ஏறும். பிள்ளையை மெதுவாக ஒருச்சாய்த்து, அடியில் துணியை நுழைத்து எடுப்போம். சேலைன் கொடுத்தாலும் ஊசியை அழுத்தாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான். புதிதாக வேலைக்கு வரும் தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இந்த நெப்கின் மாற்றுகிற விதத்தைத்தான். தலைக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாய் நம் கைப்பிடியில் இருக்கிறது.

சரி, கிரேட் வன் என்றால்? கசிவு அந்த ஜெர்மினல் மெட்ரிக்ஸுக்குள்ளேயே நின்றுவிட்டது. இரண்டு என்றால் நீர் அறைக்குள் வந்திருக்கிறது. மூன்று என்றால் அறை வீங்கியிருக்கிறது. நாலு என்றால் மூளை இழையமே பாதிக்கப்பட்டிருக்கிறது. 1978 முதல் இந்த வரிசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் மகனுக்கு வந்தது இருப்பதில் மிகச் சிறியது. இப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் நன்றாக வளர்கிறார்கள். ஆனாலும் 29 வாரத்தில் பிறந்த பிள்ளை என்பதால் கிளினிக்கை விடாதீர்கள். தலையின் சுற்றளவை அளப்பது, கழுத்து நிற்கிறதா, உட்காருகிறானா என்று பார்ப்பது, கண், காது எல்லாம் முக்கியம். ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) போகிறதே என்று கிளினிக் திகதியைத் தள்ளிப் போட வேண்டாம். தேவையானால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, தோட்ட நிர்வாகத்திடம் பேசச் சொல்லுங்கள்.

மிஸ், நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். இரத்தக் குழாய் "வழி தேடிப் போகும்" என்று வாசித்தேன். கண் மூக்கு இல்லாத குழாய் எப்படி வழி தேடும்?
– ஒரு மாணவன், பதுளை

தம்பி, நல்ல கேள்வி. பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வியும் இதுதான்.

கிளைவிடும் குழாயின் நுனியில் ஒரேயொரு கலம் தலைமை தாங்கும். அந்த நுனிக் கலம் தன் உடலிலிருந்து மயிர்போல மெல்லிய நீட்சிகளைச் சுற்றிலும் நீட்டித் துழாவுகிறது. அது துழாவுவது விஇஜிஎஃப் என்ற புரதத்தை. ஒட்சிசன் போதாத கலங்கள் இந்தப் புரதத்தை வெளியே விடுகின்றன. எந்தப் பக்கம் அது செறிவாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நுனிக் கலம் நகர்கிறது. பின்னால் வரும் கலங்கள் பெருகிக் குழாயை நீட்டுகின்றன. எல்லாக் கலமும் நுனிக்கு ஓடிவிட்டால் குழாயே இருக்காது. ஆகவே நுனிக்கு வந்த கலம் தன் பக்கத்துக் கலங்களுக்கு, அவற்றின் மேல் சமிக்ஞையை வாங்குகிற நொட்ச் என்ற புரதம் வழியாக, "நீ பின்னால் நில்" என்று சமிக்ஞை கொடுக்கிறது. இதையெல்லாம் 2003 முதல் சில வருஷங்களில் தெளிவாகப் பார்த்தது எலிக்குஞ்சின் விழித்திரையில். எலியின் விழித்திரைக்குப் பிறந்த பிறகுதான் இரத்தக் குழாய் பரவுகிறது, அதனால் ஒவ்வொரு படியையும் விரித்து வைத்துப் பார்க்கலாம். விழித்திரையும் மூளையின் ஒரு பகுதிதான், மறந்துவிடாதே.

விஇஜிஎஃப் எவ்வளவு நுட்பமான அளவில் வேண்டும் என்பதற்கு ஒரு சான்று. 1996 இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் எலி முளையத்தில் அந்தப் புரதத்தை உண்டாக்கும் பரம்பரையலகின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தன. மற்றப் பிரதி நன்றாக இருந்தும் முளையங்கள் பிழைக்கவில்லை. உடம்பில் பெரும்பாலான பரம்பரையலகுகளுக்கு ஒரு பிரதி இருந்தாலே சமாளித்துவிடலாம். இதற்கு முடியாது.

இன்னொன்று மூளைக்கே உரியது. விஇஜிஎஃப் உடம்பு முழுக்க வேலை செய்கிற சமிக்ஞை. மூளையும் முண்ணாணும் அதோடு இன்னொரு சமிக்ஞையையும் அனுப்புகின்றன. அதன் பெயர் டபிள்யூஎன்டி. அதில் 7ஏ, 7பி என்ற இரண்டும்தான் இங்கே முக்கியம். எலியில் இவை இரண்டும் இல்லாவிட்டால், வெளிவலை உண்டாகும், மற்ற உறுப்புகளுக்கும் இரத்தக் குழாய் போகும், ஆனால் மூளைக்குள் குழாய்கள் சரியாக நுழையாது. 2008, 2009 அளவில் இது வெளிவந்தது. அதே சமிக்ஞைதான் உள்ளே வந்த குழாயிடம் "இனி நீ மூளையின் குழாய், கண்டதையும் உள்ளே விடாதே" என்றும் சொல்கிறது. கலத்துக்கும் கலத்துக்கும் இடையே இறுக்கமான மூட்டுகள் உண்டாகின்றன. பெரிசைட் வந்து அணைத்துக்கொள்கிறது. குருதி–மூளைத் தடை என்று நீ படிப்பது இதைத்தான்.

அந்தத் தடை முதலில் தெரியவந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1885 இல் ஜேர்மனியில் போல் எர்லிக் விலங்கின் இரத்தத்தில் சாயத்தை ஏற்றினார். எல்லா உறுப்பும் நிறமாகியது, மூளை மட்டும் வெள்ளையாகவே இருந்தது. மூளைக்கு அந்தச் சாயம் ஒட்டாது போலும் என்று அவர் எண்ணினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913 இல் சாயத்தை இரத்தத்தில் விடாமல், மூளையைச் சுற்றியுள்ள நீரில் நேரே விட்டார். மூளை நிறமாகியது, உடம்பு வெள்ளையாக இருந்தது. ஆக, மூளைக்குச் சாயம் ஒட்டும். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில்தான் ஏதோ தடுக்கிறது. அது குழாயின் சுவர்தான் என்று இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டது 1967 இல். ஒரு பரிசோதனையை மறுபக்கத்திலிருந்து செய்து பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் பார், தம்பி. பரீட்சைக்கு வராவிட்டாலும் இதை மனதில் வைத்துக்கொள்.

மூளைக்குள் வரும் குழாய் சாப்பாடு மட்டும் கொண்டுவருவதில்லை. ஒட்சிசன் வந்து சேர்ந்ததும், அதுவரை பெருகிக்கொண்டு மட்டும் இருந்த மூலக்கலங்கள் நரம்புக்கலமாக மாறத் தொடங்குகின்றன என்று எலியில் காட்டியிருக்கிறார்கள். குழாய் வருகிற நேரமும் ஒரு செய்திதான்.

நுவரெலியாவில் இருக்கிறேன், நாலு மாதக் கர்ப்பம். கொழும்பிலிருக்கும் அண்ணி, "மலை உச்சியில் ஒட்சிசன் குறைவு, பிள்ளையின் மூளை வளராது, கீழே வா" என்கிறார். போகட்டுமா?
– ஒரு வாசகி, நுவரெலியா

அண்ணியைப் பார்க்கப் போகலாம், இந்தக் காரணத்துக்காகப் போக வேண்டியதில்லை. நுவரெலியா 1,900 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரம். கர்ப்பத்தில் பிள்ளையின் நிறை குறைவது போன்ற பாதிப்புகளை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேற்பட்ட ஊர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நம் நாட்டில் அந்த உயரத்தைத் தொடுவது 2,524 மீற்றர் உள்ள பீதுருதலாகல மலையின் உச்சி மட்டும்தான்.

ஒட்சிசன் குறைவு என்றாலே பயப்படவும் வேண்டாம். வயிற்றுப் பிள்ளை கொழும்பில் இருந்தாலும் நம்மைவிட மிகக் குறைந்த ஒட்சிசனில்தான் வளர்கிறது. தொப்புள்கொடி வழியாக வரும் இரத்தத்தில் ஒட்சிசனின் அழுத்தம் தாயின் நாடி இரத்தத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்களவுதான். அதைச் சமாளிக்கவே பிள்ளையின் ஈமோகுளோபின் வேறு வகை, ஒட்சிசனை இறுகப் பிடித்துக்கொள்ளும். அது மட்டுமா, மேலே பதுளைத் தம்பிக்குச் சொன்னேனே, ஒட்சிசன் குறைவதுதான் இரத்தக் குழாயை அழைக்கிற குரல். கலங்கள் ஒட்சிசனை உணர்ந்து இப்படி நடந்துகொள்வது எப்படி என்று கண்டுபிடித்த மூவருக்கு 2019 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நுவரெலியாவில் நான் பயப்படுவது உயரத்துக்கு அல்ல, குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே விறகடுப்பு மூட்டுவதற்கு. அந்தப் புகையில் உள்ள காபன் மொனொட்சைட்டு ஈமோகுளோபினில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடுப்பெரியும்போது ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். குளிர்ந்தால் கம்பளியைப் போர்த்துக்கொள்ளுங்கள்.

தாயின் இரத்தம்தானே பிள்ளையின் மூளைக்குள் ஓடுகிறது?
– ஒரு வாசகர், ஹப்புத்தளை

இல்லை. இரண்டும் வேறு வேறு இரத்தம். சூல்வித்தகம் என்கிற நஞ்சுக்கொடியில் அருகருகே ஓடும், நடுவில் மெல்லிய படை ஒன்று உண்டு. ஒட்சிசனும் உணவும் அதைக் கடந்து போகும். அப்படி வாங்கிய நல்ல இரத்தம் பிள்ளையின் இதயத்துக்கு வந்ததும் நுரையீரலுக்குச் சுற்றப் போகாமல், இதயத்தின் நடுச்சுவரில் உள்ள துவாரம் வழியாக இடது பக்கம் பாய்ந்து, முதலில் இதயத் தசைக்கும் மூளைக்கும் போகிறது. எஞ்சியதுதான் மற்ற இடங்களுக்கு. சாராயமும் வெற்றிலையோடு போடும் புகையிலையின் நிக்கொட்டினும் அதே படையைக் கடந்து, அதே வழியில் மூளைக்குப் போகும். நான் மேலே சொன்ன குருதி–மூளைத் தடை இவை இரண்டையும் நிறுத்தாது. "பழக்கம், விட முடியாது" என்று சொல்லும் அக்காமார் கர்ப்பம் முடியும்வரையாவது புகையிலையை எடுத்துவிட்டு வெறும் வெற்றிலைக்கு வாருங்கள். சாராயம் ஒரு வாய்கூட வேண்டாம்.

போன முறை மனைவிக்கு 30 வாரத்தில் பிள்ளை பிறந்து தப்பவில்லை. இரவில் வலி வந்தது, விடியட்டும் என்று இருந்துவிட்டோம். இப்போது மறுபடியும் 26 வாரம். கிளினிக்கில், "வலி வந்தால் ஸ்டீரொயிட் ஊசி போட வேண்டி வரும்" என்றார்கள். ஸ்டீரொயிட் கெட்டது என்று கேள்விப்பட்டேன். ஒத்துக்கொள்ளலாமா?
– ஒரு தந்தை, மஸ்கெலியா

தம்பி, போன பிள்ளைக்காக மனம் வருந்துகிறேன். விடியட்டும் என்று இருந்தது உங்கள் குற்றம் அல்ல. நம் தோட்டப் பாதையில் இரவில் வாகனம் தேடுவது என்ன பாடு என்று தெரிந்தவள் நான்.

ஊசிக்கு ஒத்துக்கொள்ளுங்கள். தயங்கவே வேண்டாம். ஜிம்முக்குப் போகிறவர்கள் போடுகிற ஸ்டீரொயிட் வேறு, இது வேறு. ஒரு நாள், இரண்டு நாளில் முடிகிற சில ஊசிகள்தான். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற வைத்தியர் முதலில் செம்மறி ஆட்டுக்குட்டிகளில் இதைக் கவனித்தார். பிறகு ஹொவி என்பவரோடு சேர்ந்து தாய்மாரிடம் செய்த ஆய்வு 1972 இல் வந்தது. பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முற்றுகிறது என்பதுதான் அன்று பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு வந்த ஆய்வுகள் மூளைக் கசிவும் குறைகிறது என்று உறுதியாகக் காட்டின. இன்று உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள். பொதுவாக 24 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் இடையில்.

இதில் முக்கியமானது நேரம். ஊசி முழுப் பலன் தர ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். பிள்ளை பிறக்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போது வந்தால் எங்களால் அதிகம் செய்ய முடியாது. ஆகவே பெரிய வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். இடுப்பு விட்டு விட்டு வலிப்பது, வயிறு அடிக்கடி கல்லாக இறுகுவது, நீர்போலப் போவது, கொஞ்சமாவது இரத்தம் படுவது, இவற்றில் எது வந்தாலும் அந்த நிமிஷமே கிளம்புங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பாதை மோசமென்றால் அவர்கள் எதுவரை வர முடியும் என்று கேட்டு, அந்த இடத்துக்கு லொறியிலோ ஓட்டோவிலோ கொண்டுவந்து சேருங்கள். இன்றைக்கே இரவு ஓடக்கூடிய ஓட்டோக்காரர் இரண்டு பேரின் இலக்கத்தை எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள். கிளினிக் கார்டை ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டுங்கள். முந்தைய பிள்ளை குறைமாதம் என்பதைப் பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பொய் வலியாக இருந்து திருப்பி அனுப்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாலு முறை வந்து திரும்பிப் போனவரைக் கண்டு எந்த நல்ல தாதியும் முகம் சுளிக்க மாட்டாள்.

இரும்புச் சத்துக் குளிசை போட்டால் ஓங்காளம் வருகிறது. காலையில் பிளேன்டீயோடு சேர்த்து விழுங்கினால் கொஞ்சம் தாங்குகிறது. சரிதானே?
– ஒரு வாசகி, லிந்துலை

சரியில்லை, மகள். தேயிலையில் உள்ள சாரம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குச் சேராது. குளிசையும் வீண், பட்ட பாடும் வீண். தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சொல்லக் கஷ்டம்தான். பிளேன்டீயை விடச் சொல்லவில்லை, குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தள்ளி வையுங்கள். பாலோடும் வேண்டாம், கல்சியம் குளிசையோடும் வேண்டாம். தேசிக்காய்த் தண்ணீரோ கொய்யாப்பழமோ நல்லது, விற்றமின் சி இரும்பைச் சேர்க்க உதவும். ஓங்காளத்துக்கு, இரவு சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போட்டுப் பாருங்கள். அப்படியும் முடியாவிட்டால், வாளியில் போடாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், வேறு வகை தருவார்கள்.

இந்த இதழின் விஷயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கடுமையான இரத்தச்சோகை உள்ள தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் அதிகம். மேலே சொன்ன ஸ்டீரொயிட் ஊசி கசிவைக் குறைத்தாலும், மூளையின் குழாய்களை முழுதாக முற்ற வைக்க மருந்தும் கிடையாது, மெஷினும் கிடையாது. வயிற்றில் இருக்கும் நாள்தான் அதை முற்ற வைக்கிறது. அடுத்த பிள்ளைக்கு யோசிக்கிறவர்கள், கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள். நரம்புக் குழாய் மூடுகிற 28 நாள் முடியும்போது பலருக்குத் தாம் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது.

பிள்ளையின் உச்சிக்குழி துடிக்கிறது. மூளையின் இரத்தக் குழாயா அது? தொட்டால் வெடிக்குமா?
– ஒரு பாட்டி, தலவாக்கலை

வெடிக்காது அம்மா. உள்ளே ஓடும் இரத்தத்தின் துடிப்பு, எலும்பு இன்னும் மூடாத இடத்தில் தெரிகிறது, அவ்வளவுதான். மேலே தடித்த படை இருக்கிறது. அந்த வழியாகத்தான் நாங்கள் ஸ்கேன் கருவியை வைத்து மூளையைப் பார்க்கிறோம். பெரும்பாலும் ஒன்றரை வயதளவில் மூடிவிடும். பிள்ளை அழாமல் இருக்கும்போது உச்சி புடைத்துக்கொண்டு இருந்தாலோ, வயிற்றோட்டத்தில் குழி விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. எண்ணெய் பூசுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

என் மகளுக்குப் பிறக்கும்போதே நெற்றியின் ஒரு பக்கமும் மேல் இமையிலும் கடும் சிவப்புப் படை. கிரகணத்தில் வெளியே நின்றதால் என்கிறார்கள். தோல்தானே என்று விட்டுவிடலாமா?
– ஒரு தாய், கொட்டகலை

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் விட்டுவிட வேண்டாம்.

பிறந்த பிள்ளைகள் பலருக்கு நெற்றி நடுவிலும் பிடரியிலும் இளஞ்சிவப்பு அடையாளம் இருக்கும். அழும்போது சிவக்கும். முகத்தில் இருப்பது பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் மங்கிவிடும், பயம் இல்லை. உங்கள் பிள்ளைக்கு இருப்பது ஒரு பக்கமாக, கடும் நிறத்தில், நெற்றியையும் இமையையும் சேர்த்து என்று எழுதியிருக்கிறீர்கள். அது போர்ட்–வைன் படையாக இருக்கலாம். அது மங்காது. அப்படி இந்த இடத்தில் இருக்கும் சில பிள்ளைகளுக்கு, அதே பக்கம் மூளையை மூடியிருக்கும் சவ்விலும் இரத்தக் குழாய்கள் பிசகாக உண்டாகியிருக்கும். ஸ்டேர்ஜ்–வெபர் என்று பெயர். கருத்தரித்த பிறகு, வளர்கிற முளையத்தின் ஏதோ ஒரு கலத்தில் ஒரேயொரு பரம்பரையலகு மாறிப்போவதுதான் காரணம் என்று 2013 இல் கண்டார்கள். அந்தக் கலத்திலிருந்து பெருகியவை எல்லாம் அந்த மாற்றத்தோடு இருக்கும். தாயிடமிருந்தும் வருவதில்லை, தந்தையிடமிருந்தும் வருவதில்லை. நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதும் அதற்குத் தெரியாது.

எல்லாப் பிள்ளைக்கும் மூளையில் இருக்கும் என்று நினைத்துப் பதற வேண்டாம். ஆனால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கிழமையே பிள்ளையைச் சிறுவர் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். கண் கிளினிக்குக்கும் கடிதம் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் அந்தப் பக்கக் கண்ணில் அழுத்தம் ஏறலாம், பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. ஒரு பக்கக் கையோ காலோ தொடர்ந்து வெட்டி வெட்டி இழுத்தால் வலிப்பு என்று எடுத்துக்கொண்டு, நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போனில் ஒரு வீடியோ எடுக்க முடிந்தால் எடுங்கள், டொக்டருக்கு அது பெரிய உதவி. கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.